தீப்பொறி முந்தினால் பிஸ்டன் உருகும்

எங்கள் பள்ளி அறிவியல் கூடத்தில் என் மேசைமேல் ஒரு பிஸ்டன் இருக்கிறது. அலுமினியத்தால் ஆனது; உள்ளங்கையில் அடங்கும். அதன் மேல் விளிம்பில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம். சூடான கரண்டியால் வெண்ணெயை வழித்தெடுத்த இடம் போல அது வழவழப்பாக இருக்கும். வகுப்புக்குப் புதிதாக வரும் மாணவர்கள் அதைக் கையில் எடுத்து, "சார், இது என்ன?" என்று கேட்பார்கள். அந்தப் பள்ளத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அதில் என் தவறும் கொஞ்சம் கலந்திருக்கிறது.

அதைக் கொண்டுவந்து கொடுத்தவன் என் முன்னாள் மாணவன். ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பின்னால் வளர்ந்த பையன். படிப்பை முடித்து வேலைக்குப் போனான். பழைய 1.5 லிட்டர் காடி ஒன்றை வாங்கினான். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும், யாரோ கழற்றி விற்ற நைட்ரஸ் கருவியை வாங்கி நண்பர்களோடு சேர்ந்து பொருத்திக்கொண்டான். ஓர் இரவு பாயா தெருபோங் மேட்டில் ஏறும்போது பித்தானை அழுத்தினான். சில விநாடிகள் காடி பறந்தது. பிறகு ஒரு சத்தம், புகை, சாலையெங்கும் எஞ்சின் எண்ணெய். பக்கத்து இருக்கையில் அவன் தங்கை இருந்தாள். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் எண்ணெயில் வழுக்கி விழுந்தது. ஓட்டியவருக்கு முழங்கையிலும் முழங்காலிலும் சிராய்ப்பு. அந்த நேரத்தில் பின்னால் லாரி எதுவும் வரவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

பிஸ்டனை மேசைமேல் வைத்துவிட்டு அவன் சொன்னான்: "சார், நாலாம் படிவத்துல நான் இதைத்தான் உங்ககிட்ட கேட்டேன். நைட்ரஸ் போட்டா எஞ்சின் ஏன் போயிடுதுன்னு. நீங்க, அது பாடத்துல இல்லை, உட்காருன்னு சொன்னீங்க."

எனக்கு நினைவிருந்தது. அன்று நான் வெண்பலகையில் வாயு விதிகளை எழுதிக்கொண்டிருந்தேன். அவன் கேட்ட கேள்விக்கான பாதி விடை என் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. அன்று சொல்லாததை இங்கே சொல்கிறேன். வாசகர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பையன் இருக்கலாம். நைட்ரஸ் பக்கமே போகாதவர்களும் படியுங்கள். உங்கள் காடிக்குள்ளும் இதே கணக்கு ஒவ்வொரு நொடியும் நடக்கிறது.

ஊஞ்சலைத் தள்ளும் நேரம்

எஞ்சினில் பிஸ்டன் மேலே ஏறி, பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை அழுத்துகிறது. பிளக் தீப்பொறி விடுகிறது. கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டன் உச்சியைத் தொட்ட பிறகுதான் தீப்பொறி வரும் என்று பலர் நினைக்கிறோம். உண்மையில் அது உச்சிக்கு முன்பே வந்துவிடுகிறது. காரணம், தீ பரவ நேரம் வேண்டும். கலவை ஒரே கணத்தில் வெடிப்பதில்லை. பிளக்கிலிருந்து ஓரங்களை நோக்கி எரிந்துகொண்டே போகிறது.

எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுகள் ஓடுகிறது என்று வையுங்கள். விநாடிக்கு 50 சுற்று. ஒரு சுற்று 360 பாகை. ஆக, விநாடிக்கு 18,000 பாகை. தீப்பொறி உச்சிக்கு 30 பாகை முன்னால் வந்தால், பிஸ்டன் உச்சியை அடைய ஒரு விநாடியின் ஆயிரத்தில் 1.7 பங்குதான் மிச்சம். அதற்குள் தீ நன்றாகப் பற்றிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் பிஸ்டன் உச்சியைத் தாண்டி ஏறத்தாழ 15 பாகை இறங்கும்போது அழுத்தம் உச்சத்தை எட்டும். எஞ்சினுக்கு மிகப் பயனுள்ள இடம் அதுதான்.

பிள்ளையை ஊஞ்சலில் வைத்து ஆட்டியவர்களுக்கு இது புரியும். ஊஞ்சல் நம் பக்கம் வந்து, நின்று, திரும்பத் தொடங்கும்போது தள்ளினால் உயரப் போகும். நம்மை நோக்கி வரும்போதே தள்ளினால் நம் மணிக்கட்டுதான் வலிக்கும். தீப்பொறி அளவுக்கு மீறி முந்தினால், மேலே ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனை எரிவாயு கீழே அடிக்கிறது. 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி காடியில் தீப்பொறி நேரத்தை ஓட்டுநரே ஸ்டீரிங் பக்கத்திலிருந்த ஒரு நெம்புகோலால் மாற்ற வேண்டியிருந்தது. அதைப் பின்னுக்குத் தள்ள மறந்து கைப்பிடியைச் சுழற்றினால் எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும். அப்படிக் கை உடைந்தவர்கள் உண்டு. தீப்பொறியின் நேரம் பிசகினால் என்ன ஆகும் என்பதை அந்தக் காலத்து ஓட்டுநர்கள் எலும்பாலேயே படித்தார்கள்.

நைட்ரஸ் செய்யும் வேலை

நைட்ரஸ் ஆக்ஸைடு புதிய பொருளல்ல. 1772-இல் ஜோசப் பிரீஸ்ட்லி இதைத் தயாரித்தார். ஹம்ப்ரி டேவி தாமே முகர்ந்து பார்த்து ஆராய்ந்தார். பல் மருத்துவர்கள் வலி தெரியாமலிருக்கக் கொடுக்கும் 'சிரிப்பு வாயு' இதுதான். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் உயரத்தில் பறக்கும் போர் விமானங்களின் எஞ்சினுக்குள் இதைச் செலுத்தினார்கள். உயரத்தில் காற்று மெலிந்திருக்கும், ஆக்ஸிஜன் போதாது. தோம்பில் அடைத்து எடுத்துச் சென்றார்கள்.

இது தானாக எரியும் வாயு அல்ல. எஞ்சினுக்குள் சூட்டில் உடைந்து நைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிகிறது. எடைக் கணக்கில் காற்றில் 23 விழுக்காடு ஆக்ஸிஜன். நைட்ரஸில் 36 விழுக்காடு. ஆக்ஸிஜன் கூடினால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம். கூடுதல் ஆற்றல் கிடைக்கும். உடையும்போதே அது வெப்பத்தையும் வெளிவிடுகிறது.

இங்கேதான் தீப்பொறி நேரம் உள்ளே வருகிறது. ஆக்ஸிஜன் செறிந்த கலவை வேகமாக எரியும். முன்பு 30 பாகை முன்னால் பற்றவைத்தால் சரியான இடத்தில் உச்ச அழுத்தம் வந்தது. இப்போது தீ விரைந்து ஓடுவதால் அந்த உச்சம் சீக்கிரமே வந்துவிடுகிறது. ஊஞ்சல் இன்னும் நம் பக்கம் வந்துகொண்டிருக்கும்போதே தள்ளுகிறோம். அதனால் தீப்பொறியைப் பிந்தச் செய்ய வேண்டும். பட்டறைகளில் இதை 'ரிட்டார்ட்' என்பார்கள்.

செய்யாவிட்டால் என்ன? பிளக்கிலிருந்து தீ பரவும்போது, ஓரத்தில் இன்னும் எரியாத கலவை நசுக்கப்பட்டுச் சூடாகிறது. ஓர் எல்லைக்கு மேல் அது தீக்காகக் காத்திருக்காமல் தானாகவே ஒரே நேரத்தில் பற்றிக்கொள்கிறது. இதுதான் 'நாக்கிங்'. தகர டின்னுக்குள் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கும் சத்தம். பிஸ்டனின் மேற்பரப்பில் எப்போதும் ஒரு மெல்லிய வாயுப்படலம் ஒட்டியிருந்து சூட்டைத் தடுக்கிறது. நாக்கிங்கின் அதிர்வலை அதைக் கிழித்துவிடும். எரியும் வாயு 2,000 டிகிரி செல்சியஸுக்கும் மேலே. தூய அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். மீதியை என் மேசையில் இருக்கும் பிஸ்டன் சொல்லும்.

நைட்ரஸ் ஓடும்போது மிதி முழுதாக அழுந்தியிருக்கும். எஞ்சின் இரைச்சலில் அந்தக் கூழாங்கல் சத்தம் காதில் விழாது. "சத்தமே வரலியே சார்" என்றுதான் அவனும் சொன்னான்.

சாதாரணக் காடியிலும் இது உண்டு. நான்கு பேரை ஏற்றிக்கொண்டு பாயா தெருபோங் மேட்டில் குறைந்த வேகத்தில் திணறும்போது எஞ்சின் நாக்கிங்கின் விளிம்பில் நிற்கிறது. இன்றைய காடிகள் பெரும்பாலானவற்றில் ஓர் உணரி அந்த அதிர்வைக் கேட்டு, கணினி வழியாகத் தீப்பொறியைச் சில பாகை பிந்தச் செய்கிறது. உங்களுக்குத் தெரியாமலேயே உங்கள் எஞ்சின் பிழைத்துக்கொள்கிறது. நைட்ரஸ் பொருத்தியவர்கள் பலர் அந்த உணரியை நம்பித்தான் துணிகிறார்கள். ஆனால் அது நாக்கிங் தொடங்கிய பிறகு விழிக்கும் காவலாளி. நைட்ரஸ் திறந்த நொடியில் விழும் அடியை முன்கூட்டியே தடுக்க அதனால் முடியாது.

முதலில் நேரம், பிறகு தோம்பு

எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறதா என்று அழுத்தச் சோதனை செய்து பார்க்காமல் எதையும் தொடாதீர்கள். அடுத்து, தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் அடிப்படைத் தீப்பொறி நேரத்தில்தான் எஞ்சின் ஓடுகிறதா என்பதை டைமிங் லைட்டால் சரிபாருங்கள். பழைய காடிகளில் டிஸ்ட்ரிபியூட்டரை யாரோ எப்போதோ திருகியிருப்பார்கள். தொடக்கமே தெரியாதவர்கள் இரண்டு பாகை பின்னால் போனால் எங்கே போய்ச் சேர்வார்கள்?

டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள எஞ்சினில் அதன் போல்ட்டைத் தளர்த்திக் கையால் திருப்பியே நேரத்தைப் பிந்தச் செய்யலாம். ஆனால் அது எல்லா நேரமும் பிந்தியே நிற்கும். நைட்ரஸ் இல்லாமல் ஓடும்போது காடி சோர்ந்துபோகும், எண்ணெய் அதிகம் குடிக்கும், புகைபோக்கி சூடாகும். புதிய காடிகளில் ஒவ்வொரு பிளக்கையும் கணினியே ஆள்கிறது. கையால் திருப்ப எதுவுமில்லை. இரண்டுக்கும் சரியான வழி, நைட்ரஸ் திறக்கும்போது மட்டும் நேரத்தைப் பிந்தச் செய்யும் மின்னணுக் கருவி. அது வேலை செய்யாவிட்டால் நைட்ரஸும் திறக்கக் கூடாது என்றபடி மின்கம்பியை இணைக்க வேண்டும்.

கூடுதல் ஆக்ஸிஜனுக்கு ஈடான கூடுதல் பெட்ரோல் வர வேண்டும். இல்லையென்றால் எத்தனை பாகை பின்னால் போனாலும் பிஸ்டன் உருகும். எண்ணெய் நிலையத்தில் 95-க்குப் பதில் 97 ஊற்றுவதும் இதற்காகத்தான். அந்த எண் ஆற்றலைக் குறிப்பதல்ல. நாக்கிங்கைத் தாங்கும் திறனைக் குறிப்பது. பிளக்குகள் ஒரு படி 'குளிர்ந்த' வகையாக இருக்க வேண்டும். மிதி முழுதாக அழுந்தி, சுற்று 3,000-ஐத் தாண்டிய பிறகே நைட்ரஸ் திறக்கும்படி ஒரு சுவிட்ச் கட்டாயம். குறைந்த சுற்றில் திறந்தால் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் அளவுக்கு மீறி அடைந்துவிடும்.

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி: எத்தனை பாகை? கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வொரு 50 குதிரைத்திறனுக்கும் 2 பாகை என்று பட்டறைகளில் ஒரு வாய்ப்பாடு உண்டு. அதை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் எந்த எஞ்சினை மனத்தில் வைத்துப் பிறந்த வாய்ப்பாடு அது? அமெரிக்கர்களின் எட்டு சிலிண்டர் பெரிய எஞ்சின். 300 குதிரைத்திறன் உள்ள எஞ்சினில் 50 சேர்த்தால் ஒரு சிலிண்டருக்கு 6 சொச்சம். மொத்தத்தில் ஆறில் ஒரு பங்குக் கூடுதல். நம்மூர் 1.3 லிட்டர் காடிக்கு ஏறத்தாழ 90 குதிரைத்திறன்தான். அதில் 50 சேர்த்தால் ஒரு சிலிண்டருக்கு 12.5, பாதிக்கும் மேல் கூடுதல். ஒரே வாய்ப்பாடு இரண்டுக்கும் எப்படிப் பொருந்தும்? அளவுகோலை வாங்கும்போது அது எதை அளக்கச் செய்யப்பட்டது என்றும் கேட்க வேண்டும்.

அதனால் சிறிய எஞ்சினுக்கு மிகச் சிறிய அளவு நைட்ரஸில் தொடங்குவதே அறிவு. வாய்ப்பாடு சொல்வதைவிடக் கூடுதலாகவே நேரத்தைப் பிந்த வையுங்கள். டைனோ இயந்திரத்தில் ஏற்றி, ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் பிளக்குகளைக் கழற்றி, உருப்பெருக்கியில் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் போன்ற கரும்புள்ளிகளோ பளபளக்கும் அலுமினியத் துகள்களோ இருந்தால் நிறுத்திவிடுங்கள். சுத்தமாக இருந்தால் ஒவ்வொரு பாகையாக முன்னே வரலாம். அதிகம் பிந்தினால் இழப்பு கொஞ்சம் ஆற்றலும் கொஞ்சம் எண்ணெயும். போதாமல் பிந்தினால் இழப்பு எஞ்சின். இரண்டு தவறுகளின் விலையும் ஒன்றல்ல. எந்தப் பக்கம் தவறலாம் என்று தெரிந்துகொள்வதே பாதுகாப்பு.

நம் ஊர் வெயிலும் வாயு விதியும்

இன்னொன்றை எந்த அயல்நாட்டுக் கையேடும் நமக்காக அழுத்திச் சொல்வதில்லை. தோம்புக்குள் நைட்ரஸ் திரவமாக இருக்கிறது. 21 டிகிரியில் உள்ளே இருக்கும் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் ஏறத்தாழ 52 மடங்கு. 36.4 டிகிரி செல்சியஸ் அதன் மாறுநிலை வெப்பம். அதற்கு மேல் உள்ளே திரவம் என்ற ஒன்றே இருக்காது. அந்த வெப்பத்தில் அழுத்தம் 72 மடங்கு.

நாலாம் படிவ மாணவர் இங்கே கே-லூசாக் விதியைப் போட்டுப் பார்க்கலாம். வெப்பம் 294 கெல்வினிலிருந்து 309.5 கெல்வினுக்கு உயர்ந்தால் அழுத்தம் 5 விழுக்காடு கூட வேண்டும். ஆனால் கூடுவது 40 விழுக்காட்டுக்கு அருகில்! விதி பொய்யா? இல்லை. அந்த விதி அளவு மாறாத வாயுவுக்கு மட்டுமே. தோம்பில் சூடு ஏற ஏறத் திரவம் ஆவியாகி வாயுவின் அளவு கூடிக்கொண்டே போகிறது. விதியை மனப்பாடம் செய்தவர்கள் இங்கே தோற்பார்கள். அதன் நிபந்தனையைப் புரிந்தவர்கள் தப்பிப்பார்கள்.

தோம்பின் அழுத்தம் கூடினால் நைட்ரஸ் வேகமாகப் பாயும். பெட்ரோல் பம்ப் அதற்கேற்பக் கூட்டிக் கொடுக்காது. கலவை மெலியும். குளிர்ந்த காலையில் சரியாக வைத்த தீப்பொறி நேரம், வெயிலில் நிறுத்திவைத்த காடியில் நண்பகலில் தவறாகிவிடும். பினாங்கில் வெயிலில் அடைத்து நிறுத்திய காடிக்குள் 36 டிகிரி என்பது சாதாரணம். தோம்பில் அழுத்தமானி இல்லாமல் ஓட்டாதீர்கள். பாதுகாப்புத் தகடு உடைந்தால் வாயு வெளியே போகும்படி குழாயைக் காடிக்கு வெளியே விடுங்கள். மூடிய காடிக்குள் அது நிறைந்தால் மூச்சுக்கு ஆக்ஸிஜன் இருக்காது. தோம்பை நெருப்பில் சூடாக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

யாருடைய வேலை?

இவ்வளவையும் சரியாகச் செய்தாலும், ஆயர் ஈத்தாம் சாலையில் அந்தப் பித்தானை அழுத்த இடமில்லை. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் பொதுச்சாலைப் பந்தயத்தைத் தடை செய்கிறது. சொல்லாமல் எஞ்சினை மாற்றிவிட்டு விபத்தில் சிக்கினால் காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் இடமுண்டு. சட்டத்தை விடுங்கள். எஞ்சின் உடைந்தால் அந்த எண்ணெய் யார் காலடியில் போய்ச் சேரும் என்பதை எந்த டைமிங் லைட்டும் காட்டாது. இதற்கான இடம் டைனோவும் பந்தயத் தடமும்தான். சிப்பாங் இங்கிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர். தூரம்தான். ஆனாலும் அதுதான் இடம்.

"இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளைத் தூண்டிவிடுவது போலாகாதா?" என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. என் பதில் இது: நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவன் செய்யாமல் இருந்தானா? கைப்பேசியில் ஆங்கிலத்தில் பார்த்தான். பட்டறையில் மலாயும் ஹொக்கியனும் கலந்து கேட்டான். வகுப்பில் வாயு விதியை மலாயில் எழுதி மதிப்பெண் வாங்கினான். மூன்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டுத் தமிழில் உட்கார்ந்து பேச ஆள் இல்லை. இருந்த ஒருவன் "பாடத்தில் இல்லை" என்று சொல்லிவிட்டான்.

அது பாடத்தில் இருக்கிறது. நாலாம் படிவ இயற்பியலில் வாயு விதிகள், வேதியியலில் வினைவேகம், ஐந்தாம் படிவத்தில் வெப்ப வேதியியல். மூன்றும் ஒரு பிஸ்டனின் தலைமேல் சந்திக்கின்றன. ஆசிரியர்கள் அதை ஒருமுறை மேசைமேல் எடுத்து வைத்தால் போதும். பெற்றோர்களே, பிள்ளை காடியில் எதையாவது பொருத்தினால் திட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "தீப்பொறியை எத்தனை பாகை பின்னால் வைத்தாய், ஏன்?" பதில் தெரியாத பிள்ளை அந்தப் பித்தானை அழுத்தக் கூடாது. பட்டறைக்காரர்களே, தோம்பை விற்கும் முன் நீங்களும் அதையே கேளுங்கள்.

அந்தப் பையன் இப்போது ஒரு பட்டறையில் வேலை செய்கிறான். எஞ்சினை மாற்ற வாங்கிய கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறான். சிராய்ப்புப் பட்டவரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டதாகச் சொன்னான். போன மாதம் என் வகுப்புக்கு வந்து, டைமிங் லைட்டைப் பிடித்து, சுழலும் சக்கரத்தில் வெள்ளைக் கோடு அசையாமல் நிற்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டினான். பின்வரிசையில் ஒருவன் கை தூக்கினான்: "நைட்ரஸ் போட்டா அந்தக் கோடு எங்க நிக்கணும், சார்?"

இந்த முறை நான் அவனை உட்காரச் சொல்லவில்லை.